தாத்தா விட்டுப்போன அறுநூறு பழைய புத்தகங்களை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

கேள்வி இது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பூர்வீக வீட்டை விற்கப்போகிறார்கள். தாத்தா சேர்த்த புத்தகங்கள் இரண்டு மர பீரோவிலும், பரண்மேல் ஒரு தகரப் பெட்டியிலுமாக அறுநூறு எழுநூறு இருக்கும். நாவல், புராணம், வைத்தியம், பயணம், சமையல், ருஷ்யப் புத்தகம் என்று எல்லாம் கலந்து கிடக்கின்றன. பேத்திக்கு வாசிப்பில் ஆர்வம் உண்டு. மற்றவர்கள் எடைக்குப் போடச் சொல்கிறார்கள். எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுப்பது, அட்டை கிழிந்துபோன ஒரு புத்தகம் என்னவென்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று அந்தப் பேத்தி கேட்டிருக்கிறார்.

அம்மா, முதலில் ஒரு வேண்டுகோள். பழைய பேப்பர்காரரை வாசலுக்குக் கூப்பிடுவதைப் பதினைந்து நாள் தள்ளிப்போடுங்கள். அறுநூறு புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க ஒரு ஆளுக்கு நாலைந்து நாள் போதும். இருபது வருஷத்துக்கும் மேலாகப் பல வீடுகளில் இந்த வேலைக்குக் கூடமாட உதவியாக இருந்திருக்கிறேன். நல்ல சரக்கு கைவிட்டுப்போனதெல்லாம் பெரும்பாலும் முதல் நாள் சாயங்காலத்து அவசரத்தில்தான்.

எந்த வீட்டிலும் நடப்பது ஒன்றுதான். தெரிந்த பெயர்களைத் தனியாக எடுத்து வைப்பார்கள். கல்கி ஒரு பக்கம், கம்பராமாயணம் ஒரு பக்கம், பாரதியார் ஒரு பக்கம். கனமாக, பைண்டு செய்து, முதுகில் தங்க எழுத்தோடு இருப்பதெல்லாம் நல்ல புத்தகம். ஒல்லியாக, அட்டை இல்லாமல், ஆணி துருப்பிடித்துக் கிடப்பதெல்லாம் குப்பை. இதை அப்படியே தலைகீழாகப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன். பொன்னியின் செல்வன் இன்றைக்கு எந்த ஊர்ப் புத்தகக் கடையிலும் கிடைக்கும். 1999-ல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனபிறகு எத்தனையோ பதிப்பகங்கள் போட்டுவிட்டன. உங்கள் ஊர்க் கோயிலுக்கு எழுபது வருஷத்துக்கு முன் வந்த 32 பக்கக் கும்பாபிஷேக மலரை யாரும் மறுபடி அச்சிடப் போவதில்லை. உங்களிடம் இருப்பதே கடைசிப் பிரதியாக இருக்கலாம். நாவலுக்கு மறுபதிப்பு வரும், மலருக்கும் துண்டுப் புத்தகத்துக்கும் வராது. இதை மனதில் வைத்துக்கொண்டு பீரோவைத் திறந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஒரு தடவை தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்கு ஒரு நாள் தாமதமாகப் போனேன். இரண்டு கட்டு ஒல்லிப் புத்தகம் முந்தின நாளே எடைக்குப் போய்விட்டது. சுவரோரம் தவறி விழுந்திருந்த ஒன்றே ஒன்று மிச்சம். எட்டுப் பக்கம், விலை அரையணா. 1924-ல் காவிரியில் வந்த பெருவெள்ளத்தைப் பற்றிய சிந்துப் பாட்டு. எந்த ஊரில் கரை உடைந்தது, எந்தத் தெருவில் எத்தனை வீடு விழுந்தது, யார் வீட்டு மாடு போனது என்று பாட்டுப் பாட்டாகச் சொல்லிக்கொண்டே போகிறது. அரசாங்க அறிக்கையில் எத்தனை ஏக்கர் என்று இருக்கும், தெருப் பெயர் இருக்காது. எடைக்குப் போன அந்த இரண்டு கட்டிலும் என்னென்ன இருந்தன என்று இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை. இந்த மாதிரி காலணா, அரையணாப் பாட்டுப் புத்தகங்களுக்குக் குஜிலிப் புத்தகம் என்று பெயர். சென்னையில் குஜிலிக் கடை என்ற சந்தைப் பகுதியில் அச்சாகி, சந்தையிலும் ரயிலடியிலும் பாடிக்கொண்டே விற்றார்கள். கொலைச் சிந்து, ரயில் விபத்துச் சிந்து, கும்மி, தெம்மாங்கு என்று பல தினுசு. தாள் மட்டமாக இருப்பதால் மிச்சம் இருப்பதே குறைவு.

ஆகவே பீரோவை விட்டுவிட்டு முதலில் பரண்மேல் இருக்கும் தகரப் பெட்டியைத் திறக்கச் சொல்கிறேன். பீரோவில் வைக்கத் தகுதியில்லை என்று ஒதுக்கியவைதான் அங்கே ஏறியிருக்கும். சினிமாக் கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், பள்ளிக்கூட ஆண்டு மலர், யாரோ ஒருவருடைய மணிவிழா மலர், சங்கத்து ஆண்டறிக்கை, மாட்டு வைத்தியம், பஞ்சாங்கம், விதைக் கம்பெனி விலைப்பட்டியல். இதில் எதையும் இப்போதைக்குக் கழிக்காதீர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். அவர் புத்தகத்தோடு சேர்த்துக் கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று எல்லாவற்றையும் சேர்த்து வைத்தார். அவர் 1992-ல் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அது தமிழ்நாட்டிலேயே இருக்கும்படி ஏற்பாடாகி, இன்றைக்கு அவர் பெயரிலேயே சென்னை தரமணியில் ஆராய்ச்சி நூலகமாக இயங்குகிறது. தமிழ்நாட்டின் சமூக வரலாறு எழுதுகிறவர்கள் அங்கே போய்த் தேடுவதில் பாதி, நம் வீடுகளில் எடைக்குப் போகிற இந்த மாதிரித் தாள்கள்தான்.

பெட்டி முடிந்ததும் பீரோ. கை வைப்பதற்கு முன் தட்டுத் தட்டாகக் கைபேசியில் படம் எடுங்கள், முதுகு தெரியும்படி. தாத்தா அடுக்கிய வரிசைக்கு ஒரு காரணம் இருக்கும். ஒரே தட்டில் யோகம், இயற்கை வைத்தியம், காந்தி என்று இருந்தால் அவர் எந்த வருஷத்தில் எதில் தோய்ந்திருந்தார் என்பது தெரியும். கலைத்துவிட்டால் அந்தச் சேதி போயே போய்விடும். அப்புறம் ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், கடைசிப் பக்கம் மூன்றையும் பாருங்கள். உள்ளே சொருகி வைத்திருக்கும் தாளை எடுத்தால் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று பென்சிலில் குறித்துவிட்டு எடுங்கள். பஸ் டிக்கெட், அஞ்சல் அட்டை, வேப்பிலை, மயிலிறகு எல்லாம் வரும். ஒரு வீட்டில் திருவாசகத்துக்குள்ளே அடமானப் பத்திரம் கிடைத்து, அதை வைத்து ஒரு நிலத் தகராறே தீர்ந்தது.

வருஷம் கண்டுபிடிப்பது பலருக்குக் குழப்பமாக இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஒரு தடவை பிடிபட்டுவிட்டால் பிறகு விடவே தோன்றாது.

பழைய தலைப்புப் பக்கத்தில் ஆங்கில வருஷம் இல்லாமல் ‘பார்த்திப௵ ஆவணி௴’ என்று மட்டும் இருக்கும். ௵ என்பது வருஷம், ௴ மாதம், ௳ நாள். அறுபது வருஷச் சக்கரத்தில் முதல் வருஷமான பிரபவ 1867, 1927, 1987 ஆகிய வருஷங்களின் சித்திரையில் பிறந்தது. அங்கிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள். பார்த்திப பத்தொன்பதாவது. ஆகவே 1885 அல்லது 1945. இந்த அறுபது வருஷ இடைவெளியில் எது என்பதைப் புத்தகமே சொல்லிவிடும். 1945 என்றால் போர்க்காலம், தாள் தட்டுப்பாடு. மங்கலான, சொரசொரப்பான பழுப்புத் தாளாக இருக்கும். 1885 என்றால் பக்க எண் தமிழ் எண்களில் இருக்கக்கூடும், சொற்கள் சந்தி பிரிக்காமல் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும், முன்னால் நாலைந்து புலவர்கள் நூலைப் புகழ்ந்து பாடிய சிறப்புப்பாயிரமும் சாற்றுகவியும் இருக்கும்.

அதற்குப் பிறகு வந்த புத்தகத்துக்கு விலையைப் பாருங்கள். ‘ரூ. 2-4-0’ என்றால் இரண்டு ரூபாய் நாலணா. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் அணா போய்ப் பைசா வந்தது. புதுப் பைசாவுக்கு ‘நயா பைசா’ என்று பெயர். ‘50 ந.பை.’ என்று அச்சிட்டிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் நடுவில் வந்த புத்தகம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், 1964-ல் ‘நயா’வை எடுத்துவிட்டார்கள். முகவரியும் பேசும். ‘சென்னை-4’, ‘சென்னை-17’ என்று இருந்தால் பெரும்பாலும் 1972-க்கு முன்பு. அந்த வருஷம் சுதந்திர தினத்தன்றுதான் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு வந்தது. ‘சென்னை ராஜ்யம்’ என்று கண்டால் 1969 ஜனவரிக்கு முந்தியது, அப்போதுதான் தமிழ்நாடு என்ற பெயர் அமலுக்கு வந்தது.

எழுத்தும் ஒரு சாட்சி. ‘லை’, ‘னை’, ‘ணை’ போன்ற எழுத்துகள் யானைத் துதிக்கை மாதிரி மேலே வளைந்து நின்றால் அது 1978-க்கு முந்திய வழக்கு. அந்த வருஷம்தான் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு ஆணை போட்டது. இதில் இரண்டு இடத்தில் ஏமாறலாம். பெரியார் 1935-லேயே குடிஅரசில் புது எழுத்தைக் கொண்டுவந்துவிட்டார். ஆகவே சுயமரியாதை இயக்கப் புத்தகமாக இருந்தால் புது எழுத்தை வைத்துப் புதிய புத்தகம் என்று முடிவுகட்ட முடியாது. அதேபோல ஈய எழுத்தை மாற்றக் காசில்லாத சிறிய அச்சகங்கள் ஆணை வந்தபிறகும் சில வருஷம் பழைய எழுத்திலேயே ஓட்டின. இன்னொரு பொறி முகவுரை. நாலாம் பதிப்பிலும் முதற்பதிப்பு முகவுரையை அதே தேதியோடு போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து முதற்பதிப்பு என்று மகிழ்ந்துபோக வேண்டாம். தலைப்புப் பக்கத்தின் பின்புறம் இருப்பதுதான் கணக்கு.

சில சமயம் ஆசிரியர் பெயரே காலத்தைக் காட்டும். மறைமலையடிகள் 1916-வாக்கில்தான் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார். ‘சுவாமி வேதாசலம்’ என்று அட்டையில் இருந்தால் அது முன்காலத்துப் பதிப்பு, பிற்பதிப்புகளில் வடசொற்களைக் களைந்து நடையையே மாற்றியிருப்பார். இரண்டும் கிடைத்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பத்தியைப் படித்துப் பாருங்கள். தனித்தமிழ் இயக்கம் என்றால் என்ன என்பது எந்தச் சொற்பொழிவையும்விட அங்கே நன்றாகப் புரியும்.

இனி நாவல்கள். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879-ல் வந்தது. ராஜம் ஐயரின் கமலாம்பாள் சரித்திரம் விவேக சிந்தாமணி இதழில் தொடராக வந்து 1896-ல் புத்தகமானது. அ. மாதவையாவின் பத்மாவதி சரித்திரம் 1898. இவற்றின் முதற்பதிப்பு வீட்டுப் பீரோவில் இருப்பது அபூர்வத்திலும் அபூர்வம். மறுபதிப்பு இருந்தால் வைத்துக்கொண்டு படியுங்கள். மூன்றில் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால் கமலாம்பாள் என்பேன். அந்தக் கிராமத்து வம்புப் பேச்சு இன்றைக்கும் சூடு ஆறவில்லை.

அதற்கு அடுத்த தலைமுறையில்தான் உங்கள் தாத்தாவின் அப்பா காலத்துச் சரக்கு இருக்கும். ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார், ரெயினால்ட்ஸின் ஆங்கில நாவல்களைத் தமிழுக்குத் தழுவிய ஆரணி குப்புசாமி முதலியார். மறைமலையடிகள்கூட ரெயினால்ட்ஸ் நாவல் ஒன்றைத் தழுவித்தான் 1911-ல் குமுதவல்லியை எழுதினார். வை. மு. கோதைநாயகி அம்மாள் ஜகன்மோகினி என்ற மாத இதழை நடத்திக்கொண்டே நூற்றுக்கும் மேல் நாவல் எழுதினார். இவர்களை இலக்கியம் இல்லை என்று தள்ளிவிட்டவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. தமிழ்நாட்டில் பெண்கள் மதிய நேரத்தில் சமையலறைத் திண்ணையில் உட்கார்ந்து நாவல் படிக்கிற பழக்கத்தை இவர்கள்தான் உண்டாக்கினார்கள். இவர்களின் புத்தகம் படித்துப் படித்தே நைந்துபோனதால் நல்ல நிலையில் கிடைப்பது கஷ்டம். ஓரம் கிழிந்திருந்தாலும் விடாதீர்கள்.

பீரோவில் எனக்கு எப்போதும் கை முதலில் போவது பைண்டு வால்யூம்களுக்குத்தான். வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையை வாராவாரம் கிழித்து, சேர்த்து, கதை முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துக் கட்டி வாங்குவது நம் வீடுகளில் இரண்டு தலைமுறைக்குப் பெரிய காரியம். பெரும்பாலும் அதைச் செய்தது வீட்டுப் பெண்கள். ஓர் அத்தையின் பெட்டியிலிருந்து வந்த பொன்னியின் செல்வன் கட்டு என்னிடம் இருக்கிறது. 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த இதழ்ப் பக்கங்கள். கறுப்புக் கலிக்கோத் துணி முதுகு, மூலையில் அவர் பெயரின் முதலெழுத்து. நடுவில் ஒரு வாரம் தவறியிருக்கிறது. அந்த அத்தியாயத்தை மட்டும் யாரிடமோ இரவல் வாங்கி, கோடு போட்ட நோட்டுத் தாளில் நீல மசியால் வரிக்கு வரி எழுதி, அந்த இடத்திலேயே சேர்த்துத் தைத்திருக்கிறார். மணியம் வரைந்த படத்தைக்கூட விடவில்லை, பென்சிலில் போட்டிருக்கிறார். கதையை எங்கும் வாங்கலாம், இதை எங்கே வாங்குவது?

அந்தக் கட்டுகளில் படம் முக்கியம். மணியத்தின் ஓவியங்கள் பல மலிவுப் பதிப்புகளில் கிடையாது. கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் விகடனில் எழுதிய தில்லானா மோகனாம்பாளுக்குக் கோபுலு வரைந்த படங்களும் அப்படித்தான், நாதஸ்வரக்காரர் முகத்தில் கன்னம் உப்புவதிலேயே ராகம் தெரியும். பக்கத்தைத் திருப்பினால் பின்புறம் சோப்பு விளம்பரம், துணுக்கு, வேறொரு சிறுகதையின் பாதி. அந்தப் பாதிக் கதைகளின் பெயரையும் எழுதியவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். வாரப் பத்திரிகையில் வந்து புத்தகமாகாமலே போன கதைகள் ஏராளம். பைண்டர் வெட்டு மெஷினில் ஓரத்தைச் சீவும்போது எழுத்தையும் சீவியிருந்தால் வருத்தம்தான், ஒன்றும் செய்ய முடியாது. தயவுசெய்து மறுபடி பைண்டு செய்யக் கொடுத்து ஓரத்தை இன்னும் ஒரு நூலளவு சீவ விடாதீர்கள்.

கதை அல்லாத புத்தகங்களில் தாத்தாவின் ரசனைக்கு ஏற்ப என்னவும் இருக்கலாம். பெரிய நூல்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910-ல் வந்தது, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924-ல் தொடங்கி ஆறு தொகுதி, தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம் 1954-ல் தொடங்கி 1968-ல் பத்தாவது தொகுதியோடு முடிந்தது. இவையெல்லாம் இணையத்தில் முழுசாகக் கிடைக்கின்றன. வீட்டில் இடமிருந்து முழு வரிசையும் இருந்தால் வையுங்கள். ஒன்றிரண்டு தொகுதி மட்டும்தான் என்றால் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடலாம்.

வெ. சாமிநாத சர்மா புத்தகம் இருந்தால் கொடுக்காதீர்கள், படியுங்கள். ரங்கூனில் இருந்துகொண்டு உலக அரசியலைத் தமிழில் எழுதிய மனுஷர். 1942-ல் ஜப்பான் குண்டு விழுந்தபோது பர்மாவிலிருந்து காட்டு வழியாக நடந்தே இந்தியா வந்து, அந்த நடையையும் எழுதினார். பிளேட்டோவையும் ரூஸோவையும் அவர் தமிழில் சொல்லியிருக்கும் தெளிவைப் பாருங்கள். கல்லூரிக்குப் போகாதவரும் திண்ணையில் உட்கார்ந்து படித்துப் புரிந்துகொள்ளலாம். அதேபோல பெ. நா. அப்புஸ்வாமியின் அறிவியல் கட்டுரைகள், ஏ. கே. செட்டியாரின் பயணக் கட்டுரைகள். செட்டியார் ஆரவாரமே இல்லாமல் எழுதுவார். ஊரையும் மனிதர்களையும் சொல்வார், தன்னைப் பற்றிப் பேச மாட்டார். ‘நடந்தாய் வாழி, காவேரி’ இருக்கிறதா என்று தேடுங்கள். தி. ஜானகிராமனும் சிட்டியும் காவிரிக் கரையோடு போய் எழுதியது, வாசகர் வட்டம் என்ற பதிப்பகம் 1971-ல் போட்டது. மறுபதிப்பு வந்துவிட்டது, ஆனாலும் கும்பகோணத்து வீட்டில் அந்தப் பழைய பதிப்பு இருந்தால் அது இருக்கவேண்டிய இடத்தில்தான் இருக்கிறது.

ருஷ்யப் புத்தகம் என்று நீங்கள் குறிப்பிட்டவை மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம், மீர் பதிப்பகம் போட்டவையாக இருக்கும். நியூ செஞ்சுரி புத்தக நிலையம் வழியாக ஊர் ஊராக வந்தன. கெட்டி அட்டை, நல்ல தாள், விலை மிகக் குறைவு. ரா. கிருஷ்ணய்யா, பூ. சோமசுந்தரம் போன்றவர்கள் மொழிபெயர்த்தவை. சோவியத் யூனியன் 1991-ல் முடிந்ததோடு அந்த வரத்தும் நின்றது. தஸ்தயேவ்ஸ்கி, டால்ஸ்டாய் மொழிபெயர்ப்புகளுக்கு மறுபதிப்பு உண்டு. குழந்தைகளுக்கான படப் புத்தகங்களும் அறிவியல் புத்தகங்களும்தான் அரிது, பிள்ளைகள் கையில் கிழிந்துபோனதே காரணம்.

சமையல், வைத்தியம், வீட்டு விசேஷப் புத்தகங்களை ‘யார் படிக்கப் போகிறார்கள்’ என்று தள்ளுகிறார்கள். படி, ஆழாக்கு, பலம் கணக்கில் எழுதிய சமையல் புத்தகத்தின் ஓரத்தில் பாட்டி பென்சிலால் ‘புளி கூட’, ‘இது நன்றாய் வரவில்லை’ என்று குறித்திருப்பார். அந்தப் புத்தகத்தை யாருக்கும் கொடுக்க வேண்டாம். வைத்தியப் புத்தகங்களில் ஒரு எச்சரிக்கை. பாஷாணம் என்ற நஞ்சும் பாதரசமும் சேர்ந்த மருந்து முறைகளைப் படித்து வீட்டில் யாரும் செய்து பார்க்கக் கூடாது.

யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ அச்சான புத்தகம் ஏதாவது தென்பட்டால் தனியாக எடுத்து வையுங்கள். ஆறுமுக நாவலர் 1849-ல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் வைத்த காலத்திலிருந்து அங்கே அச்சான நூல்கள் இந்தப் பக்கத்துச் சைவக் குடும்பங்களுக்கு வந்துகொண்டே இருந்தன. 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. அங்கே சாம்பலானதன் இன்னொரு பிரதி தஞ்சாவூர் ஜில்லாப் பீரோவில் இருக்க வாய்ப்பு உண்டு. ‘நூலகம்’ என்ற பெயருள்ள நிறுவனத்தார் ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்க்கிறார்கள். தலைப்புப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி, அவர்களிடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பராமரிப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூக்கை மூடிக்கொண்டு மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் தூசு தட்டுங்கள், ஈரத்துணி வேண்டாம். வெயிலில் காய வைக்காதீர்கள், நிழலில் காற்றாட விரித்து வைத்தால் போதும். பூச்சித் துளை உள்ள புத்தகத்தைத் தனியே பாலிதீன் பையில் கட்டி வையுங்கள். இராமபாணப் பூச்சி பக்கத்துப் புத்தகத்துக்குப் போக ஒரு ராத்திரி போதும். வசம்பும் வேப்பிலையும் ஓரளவு தடுக்கும், வந்துவிட்ட பூச்சியைக் கொல்லாது. கிழிசலுக்குச் செல்லோடேப் ஒட்டவே கூடாது. பத்து வருஷத்தில் பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். துருப்பிடித்த ஆணியை மெதுவாகப் பிரித்தெடுத்துவிட்டு வெள்ளை நூலால் தைத்துவிடலாம். அப்பளம் மாதிரி நொறுங்கும் தாளை மடக்கிப் பார்க்காமல், பிரித்தபடியே படம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கொடுப்பதற்கு முன் பட்டியல் எடுங்கள். பெயர், ஆசிரியர், பதிப்பகம், வருஷம், ஊர் என்று ஐந்து கட்டம் போதும். அந்தப் பட்டியலை ரோஜா முத்தையா நூலகத்துக்கோ, மறைமலையடிகள் நூலகத்துக்கோ, புதுக்கோட்டை ஞானாலயா நூலகத்துக்கோ அனுப்பினால் தங்களிடம் இல்லாதது எது என்று பார்த்துச் சொல்ல அவர்களுக்குச் சுலபம். மொத்தமாக மூட்டை கட்டிக்கொண்டுபோய் இறக்கினால் எந்த நூலகமும் திணறும். இதற்கெல்லாம் லட்சக்கணக்கில் பணம் வரும் என்று உறவினர் யாராவது சொன்னால் நம்பி இழுத்தடிக்காதீர்கள். தமிழ்ப் பழம்புத்தகச் சந்தை சிறியது. பழைய புத்தகக் கடைக்காரர் கேட்கிற நாலு புத்தகத்தை மட்டும் உருவிக் கொடுக்கவும் வேண்டாம். அந்த நாலைத் தேர்ந்தெடுக்கத்தான் அவர் வருகிறார்.

கடைசியாக, அட்டையும் முதல் பக்கங்களும் இல்லாத அந்தப் புத்தகம். ‘விலை அணா 12’ என்பது எங்கேயோ தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது பின்னால் வந்திருக்கும் விளம்பரப் பக்கமாக இருந்தால் வேறு புத்தகத்தின் விலை, அதை நம்ப வேண்டாம். பக்கத்தின் தலையில் ஓடும் சிறு தலைப்பைப் பாருங்கள், அது அத்தியாயப் பெயராகவோ நூல் பெயராகவோ இருக்கும். இல்லையென்றால் எட்டு அல்லது பதினாறு பக்கத்துக்கு ஒருமுறை, பக்கத்தின் அடியில் இடது மூலையில், ஓர் எழுத்தும் எண்ணும் பொடியாக இருக்கிறதா என்று தேடுங்கள். அச்சாபீஸில் ஒரே தாளில் சேர்த்து அச்சாகும் பக்கங்களின் கட்டுக்குப் பாரம் என்று பெயர்; ஒவ்வொரு பாரமும் மாறாமல் அடுக்குவதற்காக நூல் பெயரின் முதல் எழுத்தையும் பார எண்ணையும் போடுவது வழக்கம். அந்த எழுத்து, ஓர் அத்தியாயத் தலைப்பு, இரண்டு பாத்திரப் பெயர் இவ்வளவும் கிடைத்தால் கண்டுபிடித்துவிடலாம். கடைசிப் பக்கத்தில் அச்சுக்கூடத்தின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். 1867-ஆம் வருஷச் சட்டப்படி அச்சிட்டவர் பெயரும் ஊரும் புத்தகத்தில் இருந்தே ஆகவேண்டியிருந்தது, அதைப் பல அச்சகங்கள் கடைசி வரியில்தான் போட்டன. இந்தப் பக்கங்களையெல்லாம் பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். நானும் பார்க்கிறேன்.